குளக்கட்டில் ஒரு கியர் சைக்கிள்

சைக்கிள் எமது பெண்களுக்குப் புதியதொன்றல்ல. வடக்கில் சைக்கிள் ஓடத் தெரியாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டு, பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்ட பின்னர் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான் என்றாகிவிட்டது. மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. ஐயாவின் சைக்கிளை அம்மா உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி ஓடுவதற்கு வீதியில் இடமிருக்கவில்லை. பாரில் தம்பி, கரியரில் அரிசிப் பை, ஹான்டிலின் இரண்டு பக்கமும் சாமான் பைகள். நான் கரியரைப் பிடித்தபடி நடந்தேன். இதை வாசிக்கும் உங்களிற் பலரிடம் இதைவிடக் கனமான சைக்கிள் கதைகள் இருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு வகைச் சைக்கிளைப் பற்றி. பெடியள் ஓடுவது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற கியர் சைக்கிள், அதிலும் விலை குறைந்த ஒன்று. தடித்த பல்லு ரயர், நேரான ஹான்டில், முன் போக்கில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த சொக். பின்பக்கத்தில் சொக் கிடையாது. பின்சில்லு சட்டத்தோடு விறைப்பாகவே பூட்டப்பட்டிருக்கும். 'ஹாட் ரெயில்' என்று இந்த வகையைச் சொல்வார்கள். மலைப்பாதைகளில் ஓடுவதற்கென்று உண்டான சைக்கிள் இது. முல்லைத்தீவில் மலை இல்லை. மலைப்பாதைக்குரிய கல்லும் வேரும் மணலும் கிடங்கும் மட்டும் தாராளமாக உண்டு.

நான் சமூகப் பணியாளராக வேலை செய்வது ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக உள்ள சில குடியிருப்புகளில். மாங்குளம் - முல்லைத்தீவு வீதி காப்பெற் வீதி. அதிலிருந்து இறங்கினால் கிறவல். கிறவலிலிருந்து இறங்கினால் குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், காட்டுத் தடம். நான் சந்திக்கப் போகின்ற பெண் தலைமைத்துவக் குடும்பங்களிற் பல இந்தக் கடைசி வகைப் பாதையின் முடிவில்தான் இருக்கின்றன. வீதியோரக் காணி யாருக்குக் கிடைக்கிறது, உள்காணி யாருக்குக் கிடைக்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய விடயம்.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி வந்தபோது எனது ஸ்கூட்டி வீட்டில் நின்றது. பின்னர் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. கிறவலிலும் மணலிலும் உருளுகின்ற ஸ்கூட்டிக்கு அது மூன்று நாளுக்குக் காணாது. எல்லோரும் சைக்கிளைத் தேடி விலை ஏறியிருந்த அந்த நேரத்தில், வெளிநாடு போக வெளிக்கிட்ட ஒரு பெடியனிடம் வவுனியாவில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை 32,000 ரூபாவுக்கு வாங்கினேன். 26 அங்குல ரயர். முன்னுக்கு மூன்று பல்லுச்சில்லு, பின்னுக்கு ஏழு, ஆக 21 கியர். அரிசி ஆலைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம், 15 கிலோ.

முதல் நாள் ஓர் அம்மா படலையடியில் நின்று கேட்டார்.

"என்ன பிள்ளை, ஆம்பிளைச் சைக்கிளிலை வாறாய்? கந்தோரிலை வேறை ஒண்டும் தரேல்லையோ?"

"பெற்றோல் இல்லையெல்லோ அம்மா."

"அப்ப பெற்றோல் வந்தாப் பிறகு?"

பெற்றோல் வந்தது. ஸ்கூட்டியும் ஓடத் தொடங்கியது. ஆயினும் அந்தக் கடைசிப் பாதைகளுக்கு நான் இன்றைக்கும் கியர் சைக்கிளில்தான் போகிறேன். ஸ்கூட்டி குளக்கட்டில் கவிழ்ந்தால் தனியாக நிமிர்த்த முடியாது. மணலில் புதைந்தால் ஆள் கூப்பிட வேண்டும். 15 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு உடைந்த மதகைக் கடந்துவிடலாம். சாதாரண லேடீஸ் சைக்கிளும் பாரமில்லைத்தான். ஆனால் மெல்லிய ரயர் மணலைக் கண்டதும் நின்றுவிடும், ஒற்றைக் கியரில் கட்டு ஏற இயலாது.

பாதை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் குளக்கட்டு நெடுக மாடுகள் மிதித்த குளம்படிகள் சித்திரை வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். சீற்றில் இருந்தபடி ஓடினால் ஒவ்வொரு குளம்படியும் முதுகெலும்பில் ஏறும். கட்டிலிருந்து வாய்க்கால் பக்கம் இறங்கும் இடம் வீட்டுக்கூரை போலச் சரிந்திருக்கும். அதற்கப்பால் காட்டுத் தடத்தில் பாலை, வீரை மரங்களின் வேர்கள் குறுக்கே ஓடும். பிறகு காட்டாறு ஒன்று. மாரியில் மார்பளவு தண்ணீர், கோடையில் வெறும் மணல். கிறவல் வீதியில் மணல் ஏற்றும் ரிப்பர்கள் ஓடி ஓடி, தகரம்போல அலையலையாக வரிகள் விழுந்துள்ளன. விடத்தல் முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தப் பாதையில் எனக்கு ஓட்டம் சொல்லித்தந்தது பதினான்கு வயதுப் பெடியன் ஒருவன். மாடு சாய்த்துக்கொண்டு போகும்போது, பிறேக்கே இல்லாத ஒரு பழைய சைக்கிளில் குளக்கட்டின் சரிவால் இறங்கி ஏறுவான். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்.

"சீற்றிலை இருக்காதேங்கோ மிஸ். எழும்பி நில்லுங்கோ. இருந்தா அது உங்களை எறியும்."

அவன் சொன்னதுதான் இந்த ஓட்டத்தின் அரைவாசிப் பாடம். முன்சில்லுக்குச் சொக் இருக்கிறது. பின்சில்லுக்குச் சொக் எங்களுடைய முழங்கால்தான். கரடு வரும் இடத்தில் பெடல் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் பிடித்து, அவற்றின் மேல் எழுந்து நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் சற்று மடிந்திருக்க வேண்டும். சைக்கிள் எமக்குக் கீழே துள்ளும், குலுங்கும், பக்கம் சாயும். அது தன்பாட்டுக்கு ஆடட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஹான்டிலை இறுக்கிப் பிடித்தால்தான் விழுவோம், மணலில் இது இன்னும் உண்மை. கண் எப்போதும் பத்துப் பன்னிரண்டு அடி முன்னுக்குப் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கிடங்கைப் பார்த்தால் சில்லு கிடங்குக்குள்ளேயே போகும்.

மற்ற அரைவாசிப் பாடம் பிறேக்கும் கியரும். முன் பிறேக் பிடித்தால் தலைகுப்புற விழுவாய் என்று எங்களிற் பலருக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் பின் பிறேக்கை மட்டும் நெரிப்போம். உண்மையில் வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன் பிறேக்கில்தான் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது இடுப்பைச் சீற்றுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, இரண்டையும் சேர்த்து, முட்டையைப் பிடிப்பது போல மெதுவாகப் பிடித்தால் தலைகுப்புற விழாது. உதிரிக் கிறவலில் வளைவு வந்தால் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பின்னர் முன் பிறேக்கை நெரித்தால் சில்லு வழுக்கும். ஏற்றத்துக்கும் அதுபோலத்தான். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலேசான கியருக்கு மாறிக்கொள்ள வேண்டும். பாதி ஏறிய பிறகு, முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழரும் அல்லது அறும். ஏறும்போது சீற்றின் முன் நுனிக்கு வந்து நெஞ்சைத் தாழ்த்தினால் முன்சில்லு கிளம்பாது, பின்சில்லும் சும்மா சுற்றாது.

காற்று அடிப்பதிலும் சூட்சுமம் உண்டு. ரயரின் பக்கத்தில் எவ்வளவு காற்று என்று அச்சடித்திருப்பார்கள். எனது ரயரில் 40 முதல் 65 வரை என்றிருக்கிறது. காப்பெற் வீதிக்கு 55 வரை அடிக்கலாம். கிறவலுக்கும் வேருக்கும் 40 போதும், சில்லு துள்ளாமல் நிலத்தைப் பிடிக்கும். மணலுக்காக இன்னும் இறக்கிவிட்டு அப்படியே கல்லில் ஓடினால், ரியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1980 இல் எழுதிய கட்டுரையொன்றை வாசித்தோம். 'பெண்பிள்ளை போல எறிதல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஒரு வேலையைச் செய்யும்போது பெண்கள் முழு உடம்பையும் அதில் ஈடுபடுத்துவதில்லை. கையால் எறிய வேண்டுமென்றால் கையை மட்டும் அசைக்கிறார்கள். தம்மைச் சுற்றியிருக்கும் வெளியை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் ஒடுங்கி நிற்கிறார்கள். இது பிறவியில் வருவதல்ல, வளர்ப்பிலும் வாழும் சூழலிலும் வருவது என்பது அவரது வாதம். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி எழுதினேன். அது என்னவென்று உடம்புக்குத் தெரிந்தது குளக்கட்டில், காலை அகட்டி, முழங்கையை விரித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றபோதுதான். ஒழுங்கையில் நாலு பேர் பார்க்க அப்படி நின்றால் வாயில் வந்ததையெல்லாம் சொல்வார்கள். கட்டில் மாடுகள்தான் பார்த்தன.

யங் எழுதாத இன்னொன்றும் எமக்கு உண்டு. எங்கள் பெண்களின் உடம்பை ஒடுக்கியது வளர்ப்பு மாத்திரமல்ல. செல் கூவும் சத்தத்துக்குக் குனிந்து, பங்கருக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்து, சோதனைச் சாவடியில் இறங்கிச் சைக்கிளை உருட்டி, கூடாரத்தில் ஒருக்களித்துப் படுத்துப் பழகிய உடம்பு. உளவளத்துணைப் பயிற்சிகளில் நாம் பேச்சைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறோம். உடம்பை நிமிர்த்துவது பற்றி எவரும் பெரிதாகச் சொல்வதில்லை.

இந்தச் சைக்கிள் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற இடத்தில், டமல்பயஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் சைக்கிளில் இறங்கி விளையாடினார்கள். அவர்களிடம் இருந்தவை 1930கள், 40களில் செய்த, கழித்துவிடப்பட்ட பாரமான பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக். மலை இறங்கி முடிவதற்குள் பின்சில்லின் குடத்துக்குள் இருக்கும் கிறீஸ் சூடேறிப் புகைந்து போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். 1976 இல் அங்கு தொடங்கிய போட்டிக்கு 'ரீபக்', அதாவது திரும்ப அடைத்தல், என்று பெயர் வந்தது அதனால்தான். பழைய இரும்பைக் கழுவி, கழற்றி, பூட்டி ஓடிய அந்தக் கதையைக் கேட்டால் பொருளாதாரத் தடைக் காலத்துச் சைக்கிள் கடைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்தில் வென்டி கிரக் என்ற பெண்ணும் இருந்தார். அவரும் அதே பாரமான சைக்கிளில் இறங்கினார். அந்தக் காலத்துப் படங்களிற் பலவற்றை எடுத்தவரும் அவரே. பின்னர் ஜாக்கி ஃபீலன் என்ற வீராங்கனை 1987 இல் பெண்களுக்கென்றே ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். அதன் பெயரில் சைக்கிளோடு தேநீரும் இருக்கிறது. எங்கள் மாதர் சங்கக் கூட்டமும் பிளேன்ரீ இல்லாமல் முடிவதில்லை. 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோதே பெண்களுக்கும் போட்டி நடந்தது. இத்தாலியின் பவோலா பெற்சோ தங்கம் வென்றார்.

அவர்களுடைய சைக்கிள்களின் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு வீடே கட்டலாம். மலிவுச் சைக்கிளுக்கு மலிவுக்குரிய குறைகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முன் சொக்கில் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கிறது. அமுங்கியதும் உடனே திருப்பித் துள்ளும். ஆகவே அதை நம்பி வேகமாகப் போகக் கூடாது. பின் அச்சுக் கம்பி வளையும். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணை எனது பின்சில்லைக் கழற்றிக் காட்டினார்.

"தங்கச்சி, உதிலை போல்ஸ் உள்ளுக்கு நிக்குது. பிறீவீல் பக்கம் அச்சு நீட்டிக்கொண்டு நிக்கிறதாலை பாரம் விழுந்தா வளையும். விலைகூடினதிலை இப்பிடி இல்லை. குதிச்சுக் குதிச்சு ஓடாதேங்கோ."

கடையில் அதே விலைக்கு முன்னும் பின்னும் சொக் வைத்த சைக்கிள்கள் மினுமினுப்பாக நிற்கும். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். வாங்காதீர்கள். மலிவில் வரும் பின்சொக் பாரம் கூட்டும், மிதிக்கிற பலத்தைத் தின்னும், அதன் மூட்டுகள் ஆடத் தொடங்கினால் திருத்துவதும் கடினம். காசு கொஞ்சமாக இருக்கும்போது, கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் குறைந்த வண்டியே நல்லது. வாங்கும்போது பாரின் மேலாகக் காலைப் போட்டு நின்று பாருங்கள். உடம்புக்கும் பாருக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். இன்னுமொரு சின்ன விடயம். பிறேக் பிடியின் அடியில் ஒரு சிறிய திருகாணி இருக்கும். அதை உள்ளுக்கு முடுக்கினால் பிடி ஹான்டிலுக்குக் கிட்ட வரும். ஆண்களின் கையளவுக்கு வைத்த பிடி எமது விரல்களுக்கு எட்டாமல்தான் பலர் பிறேக் பிடிக்கவில்லை என்று பயப்படுகிறார்கள்.

2023 ஆம் ஆண்டிலிருந்து, கூட்டம் முடிந்த பின்னேரங்களில் ஐந்து பெண்கள் இந்தச் சைக்கிளில் பழகத் தொடங்கினார்கள். நான் அழைக்கவில்லை, அவர்களே கேட்டார்கள். ஒருவர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவர். விடியப்புறம் வாகனம் வந்து ஏற்றும் இடம் வரைக்கும் அவருக்கு நாலு கிலோமீற்றர் கிறவல். இன்னொருவர் பால் கொண்டுபோய்க் கொடுப்பவர். பாவாடையோடு பார் வைத்த சைக்கிளில் ஏற முடியாதென்பதால் மகளின் பழைய சல்வாரைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். உடுப்பைப் பற்றித்தான் ஊரில் முதலில் கதை வந்தது, ஓட்டத்தைப் பற்றியல்ல. ஒரு மாதத்தில் அந்தக் கதை களைத்துப்போய் நின்றது.

ஐவரில் நான் அதிகம் சொல்ல விரும்புவது ஓர் அக்காவைப் பற்றி. 2009 ஆம் ஆண்டு ஏப்ரலில் பட்ட செல் துண்டு இன்னும் அவரது வலது தொடையில் இருக்கிறது. முழங்கால் முழுதாக மடியாது. கணவர் இல்லை. வீதிக்கு ஆறு கிலோமீற்றர். அவ்வளவு தூரம் நடந்தால் இரண்டு நாள் படுக்க வேண்டும் என்பதால், வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகிற நாளை மாதத்தில் ஒன்றாகச் சுருக்கி வைத்திருந்தார். கிளினிக்கை விட்டே விட்டார். லேடீஸ் சைக்கிளில் ஓடிப் பார்த்திருக்கிறார். பெடல் மேலே வரும்போது முழங்கால் மடியாமல் வலி உயிர் போகும் என்றார்.

நாங்கள் முதலில் சீற்றை உயர்த்தினோம். சீற் உயர்ந்தால் முழங்கால் மடிய வேண்டிய அளவு குறையும். பிறகு மிக இலேசான கியர். வேகம் வராது, ஆனால் காலுக்கு அழுத்தமும் வராது. எனக்கு இருந்த யோசனை கரடான இடத்தில் என்ன செய்வது என்பதுதான். அந்த அக்கா எழுந்து நின்றுவிட்டுச் சிரித்தார். "மிஸ், நிக்கிறதுதான் எனக்குச் சுகம். இருந்தாத்தான் மடக்கோணும், நிண்டா மடக்கத் தேவையில்லை." சரிதான். பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து நிற்பதற்கு முழங்கால் கொஞ்சம் மடிந்தால் போதும். எங்கள் ஐந்து பேரிலும் குளம்படிக் கட்டை முதலில் முழுதாக ஓடி முடித்தவர் அவர்தான். இறக்கத்தில் மட்டும் உயர்த்திய சீற் இடைஞ்சல் தரும். கட்டில் நின்று, இறங்கி, சீற்றைக் கையாலேயே இளக்கித் தாழ்த்திவிட்டு மறுபடி ஏறுவார். அவசரம் இல்லை.

அவசரம் வேறிடத்தில் இருந்தது. மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். உயர்தரம் படிப்பதற்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வீதிக்குப் போய் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு அவள் இருள் விலகும் நேரத்தில் காட்டுத் தடத்தால் தனியாக வர வேண்டும். யானை திரும்பிப் போகும் நேரமும் அதுதான். மனிதரைப் பற்றிய பயம் யானையைப் பற்றியதைவிடக் கூட. உறவினர்கள் பிள்ளையை மறித்துத் தையல் பழக விடச் சொன்னார்கள். தையல் கெட்ட தொழிலல்ல. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடும்.

மாதர் சங்கத்தின் சுழற்சி நிதியில் அக்காவுக்குப் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினோம். நுண்கடன்காரரிடம் போகவில்லை, அந்தத் துன்பம் எமது பெண்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மகளிடம் ஏற்கெனவே லேடீஸ் சைக்கிள் இருந்தது. அதற்குக் கிடைக்கக்கூடிய மிகத் தடித்த ரயரைக் கடை அண்ணை பூட்டித் தந்தார். இப்போது காலையில் தாயும் மகளும் சேர்ந்து வருகிறார்கள். மகள் பஸ் ஏறுகிறாள். தாய் அப்படியே வீதியில் அலுவல் இருந்தால் முடித்துக்கொண்டு, வெயில் ஏறியதும் திரும்புகிறார். கிளினிக்குக்கும் போகிறார்.

சில கட்டுப்பாடுகளை நாம் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கிறோம். பிறநாடுகளில் இந்தச் சைக்கிள் ஓடுபவர்கள் புதுத் தடம் தேடிப் போவார்கள். எங்களால் அது முடியாது. கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஆட்களும் மாடுகளும் நாளாந்தம் போய்வரும் தடத்தை விட்டு ஒரு சில்லளவுகூட விலகுவதில்லை. மரம் விழுந்து கிடந்தால் சுற்றிப் போவதில்லை, சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு மேலால் கடத்துகிறோம். இந்தக் கட்டுப்பாட்டை வைத்தது கண்ணிவெடி வேலைக்குப் போகும் அந்தத் தங்கச்சி. அவள் சொன்னதற்கு எவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு காட்டுத் தடத்தில் எவரும் இல்லை. ஒவ்வொரு சீற்றுக்கும் அடியில் ஒட்டுப்போடும் சாமான், சிறு பம், ஒரு துண்டுத் துணி.

ஒரு கூட்டத்தில் இந்தச் சைக்கிள் ஓட்டத்தைப் பாராட்டிப் பேசிய உத்தியோகத்தர் ஒருவர், இனி இந்தப் பகுதிக்குப் பாதை அவ்வளவு அவசரமில்லைத்தானே என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கர்ப்பிணியைச் சைக்கிளில் ஏற்ற முடியாது. பாம்பு கடித்தவரை ஏற்ற முடியாது. நெல்மூட்டையையும் ஏற்ற முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கம் ஆண்டுக்கொரு தடவை அனுப்பும் பாதைக் கோரிக்கைக் கடிதத்தில் அந்த ஐந்து பெண்களும் இம்முறை முதலில் கையொப்பமிட்டார்கள். மதகு உடைந்திருக்கும் இடங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையிலான தூரம், மாரியில் தண்ணீர் ஏறும் அளவு எல்லாவற்றையும் அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாதையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவர்?

போன ஐப்பசியில் மழை தொடங்கியபோது அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். தடம் முழுவதும் களி. மட்காட்டுக்குள் களி அடைந்து சில்லு சுற்றாமல் நிற்கும் என்பதால், இரண்டு மட்காட்டையும் கழற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டும் கழற்றப்பட்டு மாட்டுக்கொட்டில் வளையில் தொங்கின. அக்கா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டு, செயினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் விறாந்தையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"செயினுக்கு எண்ணெய் கூட விடாதேங்கோ அக்கா, களி ஒட்டும்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் மிஸ். நீங்கள் இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார்.